கண்ணுக்குள் இரத்தக் குழாய் ஒடுங்கினால் கிளாக்கோமா வருமா?

மார்ச் 4 – வாசகர் கேள்வி

“வயது 47. சர்க்கரை இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். இந்த முறை அறிக்கையில் ‘நுண்தமனிகள் ஒடுங்கியுள்ளன’ என்று இருந்தது. கண் பிரஷர் 15. குழாய் ஒடுங்கியிருந்தால் பத்தாண்டுக்குள் கிளாக்கோமா வரும் என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்திருப்பதாகப் படித்தேன். கண்ணாடிக் கடைக்காரர், 15 என்றால் கவலையே வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?”

மார்ச் 4, இரவு 10.40

அந்த 15-ஐ நம்பித் தூங்கிவிடாதீர்கள். கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு மெல்லச் செத்துப்போகும் நோய். அது வந்த என் அப்பாவுக்கு 16.

ஆறேழு ஆண்டுகள் எங்கே அளந்தாலும் 14, 15, 16தான். 10 முதல் 21 வரை இயல்பு என்று அட்டவணையில் இருக்கிறது; எனவே ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கண்மணியை விரித்து உள்ளே இருக்கும் நரம்பை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. கண்டுபிடித்த நாளில் இடக்கண்ணில் முக்கால் பங்கு போயிருந்தது. வலக்கண்ணில் கீழ்ப்பாதி மங்கியிருந்தது.

ஆஸ்திரேலிய ஆய்வைப் பற்றி நாளை எழுதுகிறேன். விடிந்தால் அச்சகத்துக்கு நூறு பக்கம் திருத்திக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5

நீங்கள் படித்தது ‘புளூ மவுண்டன்ஸ்’ கண் ஆய்வாக இருக்கும். சிட்னிக்கு மேற்கே உள்ள மலைப்பகுதியில் 1992-லிருந்து நடுவயதினரையும் முதியோரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். கிளாக்கோமா இல்லாத ஏறத்தாழ 2,500 பேரின் விழித்திரைப் படங்களில் தமனிகளின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு, பத்தாண்டு கழித்து யாருக்கெல்லாம் திறந்த கோணக் கிளாக்கோமா (கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடாமலே வரும் வகை) வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். தொடக்கத்தில் மிகக் குறுகிய தமனிகள் இருந்தவர்களுக்கு, மிக அகலமாக இருந்தவர்களைவிட நான்கு மடங்கு அளவுக்கு வந்திருந்தது. 2013-இல் வெளியிட்டார்கள். வயது, குடும்ப வரலாறு, புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மிஞ்சியது.

நான்கு மடங்கு என்றதும் பதறாதீர்கள். அத்தனை பேரில் பத்தாண்டில் நோய் வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. சிறிய எண்ணை நான்கால் பெருக்கினாலும் குறுகிய தமனி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவே இல்லை. ‘வரும்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ‘வரும் வாய்ப்பு கூடலாம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, மாலை

அடையாற்றிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்விலும் இதையே அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். அங்கே தொடக்கத்தில் இருந்த குழாய் அகலத்துக்கும் பின்னால் வந்த கிளாக்கோமாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. காலையில் எழுதும்போது அதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். நல்ல ஆய்வுகள் இரண்டு வேறு வேறு பதில் சொல்கின்றன என்பதே இன்றைய நிலை. ரோட்டர்டாமில் தொடர்ந்து பார்த்த காலம் குறைவு, அதனாலும் இருக்கலாம்.

மார்ச் 7

குழாய் ஒடுங்கினால் நரம்புக்கு ஏன் ஆபத்து என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு டாக்டர் படம் வரைந்து விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்.

விழித்திரை முழுவதிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஓடி வந்து, கண்ணின் பின்புறம் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தில் கூடி, அங்கிருந்து பின்னல்போல மூளைக்குப் போகின்றன. அதே வட்டத்தின் நடுவழியாகத்தான் விழித்திரையின் தமனி உள்ளே வருகிறது, சிரை வெளியேறுகிறது. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் இந்த இடத்தை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் இழைகள் நசுங்கும். அழுத்தம் இயல்பாகவே இருந்தாலும், அந்த இழைகளுக்கு வரும் இரத்தம் குறைந்தால் அதே அழுத்தத்தைத் தாங்கும் வலு அவற்றுக்கு இருக்காது. அப்பாவுக்கு 16 ஏன் அதிகமாகிப்போனது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த விளக்கம் இதுதான். ‘இயல்பழுத்தக் கிளாக்கோமா’ என்று கோப்பில் எழுதினார்கள்.

கீழ்ப்பாக்கத்து நண்பர் கேட்கும் கேள்வி இதைவிடக் கூர்மையானது. குழாய் ஒடுங்கியதால் நரம்பு செத்ததா, நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் அதற்கு இரத்தம் குறைவாகப் போதும் என்று குழாய் ஒடுங்கியதா? இரண்டாவதும் நடக்கிறது. கிளாக்கோமா முற்றிய கண்களில் தமனிகள் மெலிந்து போவதை டாக்டர்கள் நெடுங்காலமாகவே பார்த்து வருகிறார்கள். அதனால்தான் நோய் இல்லாதவர்களை எடுத்துக்கொண்டு பத்தாண்டு காத்திருந்த ஆய்வுக்கு மதிப்பு. அதிலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். கணிசமான இழைகள் போன பிறகுதான் வழக்கமான பார்வைப் புலப் பரிசோதனையில் (எந்தெந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பது) குறை தெரியத் தொடங்குகிறது. ‘நோய் இல்லை’ என்று சேர்த்துக்கொண்டவர்களில் சிலருக்கு அப்போதே உள்ளூர ஆரம்பித்திருந்தால்?

மார்ச் 8

உங்கள் அறிக்கையில் உள்ள ‘ஒடுங்கியுள்ளன’ என்பதற்கு வருகிறேன். ஆய்வில் அளப்பது வேறு, நமக்கு எழுதிக் கொடுப்பது வேறு. ஆய்வில் நரம்பு வட்டத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்தில் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் ஓடும் பெரிய தமனிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக அளந்து ஒரே எண்ணாக ஆக்குகிறார்கள். அந்த எண் 150 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். தலைமுடியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு பத்து இருபது மைக்ரான்தான். வெறும் கண்ணால் படத்தைப் பார்த்து அதைத் தரம் பிரிக்க முடியாது. நமக்கு எழுதுவது பெரும்பாலும் கண் மதிப்பீடு. தமனியும் சிரையும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும். தமனி அதைவிட மெலிந்து தெரிந்தால் ‘ஒடுங்கியுள்ளது’ என்கிறார்கள். அப்படி மெலிவதற்கு முதல் காரணம் இரத்த அழுத்தம்.

எனக்கும் அதே வரி எழுதினார்கள், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால். நானும் உங்களைப்போலவே பதறினேன். கையில் அளந்தால் 164/98. கண் டாக்டர் என்னை முதலில் அனுப்பியது பொது மருத்துவரிடம். நீங்கள் கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது?

இன்னொன்று. கண்ணாடியில் மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்குப் படமே சற்றுச் சிறிதாக விழும். குழாயும் மெலிந்ததுபோலத் தெரியும். ஆனால் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வாய்ப்பும் கூடுதல். எனவே ‘படத்தின் கோளாறு’ என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

மார்ச் 11

அப்பாவுக்கு முதல் அறிகுறி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அளவுகோல்.

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். வரி தவறக்கூடாது என்பதற்காக வாசிக்கும் வரிக்கு அடியில் ஓர் அடி அளவுகோலை வைத்து நகர்த்திக்கொண்டே போவது எங்கள் தொழில் வழக்கம். ஓய்வுக்குப் பிறகு அப்பா காலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு என் பழைய மர அளவுகோலை எடுத்து வரிக்கு அடியில் வைத்துப் படிக்கத் தொடங்கினார். என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. அம்மாவிடம்கூடச் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் அந்த அளவுகோல் அவர் கையில் இருந்தது.

வலக்கண்ணில் மையத்துக்குச் சற்றுக் கீழே பார்வை போயிருந்தது. படிக்கும் வரி தெரியும். அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. அதைத் தேடித்தான் அளவுகோல். பெரம்பூர் வீட்டு மாடிப்படியில் கடைசிப் படியைத் தவறவிட்டு விழுந்த பிறகுதான் நாங்கள் கண் டாக்டரிடம் போனோம். கறுப்புத் திட்டு எதுவும் அவருக்குத் தெரிந்ததில்லை. இல்லாத இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. “எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது, அம்மா” என்றுதான் கடைசிவரை சொன்னார். அது பொய்யில்லை.

மார்ச் 12

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். தனித்தனியே எழுத முடியவில்லை.

சென்னைக் கணக்கு கேட்டவருக்கு: சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2001-க்கும் 2004-க்கும் இடையில் சென்னையிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ‘சென்னை கிளாக்கோமா ஆய்வு’ இருக்கிறது. திறந்த கோண வகை நகரத்தில் 3.51 விழுக்காடு, கிராமத்தில் 1.62 விழுக்காடு. நகரத்தில் நோய் இருந்தவர்களில் 94 விழுக்காட்டினருக்கு அதுவரை அது தெரியாது. கிராமத்தில் ஏறத்தாழ யாருக்குமே தெரியாது. நோய் இருந்தவர்களில் பாதிக்கும் மேலானோருக்குக் கண் பிரஷர் இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது.

கண்ணாடிக் கடையில் காற்றூதி அளந்து சொல்லும் எண்ணைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன் என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

மார்ச் 12, சற்று முன் எழுதியதோடு சேர்த்துப் படிக்க

பிரஷர் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லவே இல்லை. நம்மால் மாற்ற முடிந்தது இன்றைக்கும் அது ஒன்றுதான். பிரஷர் இயல்பாக உள்ள கிளாக்கோமாவிலும், இருப்பதிலிருந்து 30 விழுக்காடு குறைத்தால் பலருக்கு நோய் நகர்வது மெதுவாகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பாவை 16-லிருந்து 11-க்குக் கொண்டுவந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த எண் மட்டும் போதாது. நோயைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

மார்ச் 15

திருத்தம். ‘கண்மணியை விரித்துப் பாருங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டே போகிறேன். கோணம் குறுகிய கண்களில் விரிக்கும் சொட்டு மருந்து ஊற்றினால், சிலருக்குத் திடீரென்று நீர் வடியும் வழி அடைத்து, கடும் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு என்று அவசர நிலைக்குப் போகும். அதே சென்னை ஆய்வில் மூடிய கோணக் கிளாக்கோமா நகரத்தில் 0.88 விழுக்காடு, அரிதென்று ஒதுக்க முடியாது. கண்ணில் சிறு ஆடி வைத்துக் கோணத்தைப் பார்த்த பிறகே டாக்டர் விரிப்பார். தேவைப்பட்டால் லேசரால் கருவிழிப்படலத்தில் (ஐரிஸ்) சிறு துளை போடுவார். எனவே மருத்துவரிடம் போய் விரிக்க வேண்டும். விரித்த பிறகு நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டாம். சென்னை வெயிலில் கண் கூசி அழ வைத்துவிடும்.

மார்ச் 20

இரவு மாத்திரை விஷயம். இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள்.

நரம்புக்குப் போய்ச் சேரும் இரத்தம் இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான இழுபறி. கையில் அளக்கும் இரத்த அழுத்தம் உள்ளே தள்ளுகிறது. கண் பிரஷர் எதிர்த்து நிற்கிறது. கையில் கீழ் எண் 80, கண்ணில் 16 என்றால் இடைவெளி 64. இரவில் பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். படுத்தால் கண் பிரஷர் ஏறும். படுக்கப் போகும்போது அழுத்த மாத்திரையும் போட்டுக்கொண்டால் கீழ் எண் 58-க்குப் போகலாம். கண்ணில் 18 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 40. இப்படி இரவில் மிகவும் இறங்குகிறவர்களுக்குப் புலக் குறை வேகமாக நகர்கிறது என்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆக உயர் இரத்த அழுத்தம் குழாயை ஒடுக்குகிறது. ஒடுங்கிய குழாய்க்கு இரவில் அழுத்தம் இறங்கினால் தாங்க முடிவதில்லை. இரண்டு பக்கமும் இடி. என் டாக்டர் இருபத்துநான்கு மணி நேரமும் தானாக அளக்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்பினார். அது அரைமணிக்கொரு முறை இறுக்கிப் பிடிக்கும். அன்றிரவு தூக்கமே இல்லை. அதிகாலை மூன்றரைக்கு என் கீழ் எண் 54. மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்.

மாற்றியது அவர். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. பக்கவாதம் வந்து படுத்தால் கண்ணைக் காப்பாற்றி என்ன செய்வது?

மார்ச் 26

எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகப் போகலாம். 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. கிளாக்கோமாவோடு அதற்கு இருக்கும் உறவைச் சென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அங்கே 1904 முதல் 1913 வரை கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர், வெள்ளை விழியின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குள் வட்டமாக ஒரு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை மேல்தோலுக்கு அடியில் வடியவிடும் அறுவையை 1909-இல் அறிமுகப்படுத்தினார். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் அதைச் செய்தார்கள். இன்று செய்யும் வடிகால் அறுவை 1968-இல் கேம்பிரிட்ஜில் கேர்ன்ஸ் விவரித்தது. அடிப்படை எண்ணம் ஒன்றுதான், நீருக்கு வேறு வழி விடுவது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் இவர் பெயர்தான்.

மார்ச் 27

ஒரு பிழை. கடற்கரைக்குப் பெயர் தந்தவர் வேறு: மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பாதிக்கிறவள் பெயரைத் தப்பாக எழுதக்கூடாது.

ஏப்ரல் 6

‘மெட்ராஸ் ஐ’ பரவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன முறை வாங்கிய சொட்டு மருந்துப் புட்டி வீட்டில் இருந்தால் தூக்கி எறியுங்கள். சிவப்பும் அரிப்பும் உடனே போக வேண்டும் என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பலருக்குக் கண் பிரஷரை ஏற்றும். வலியே இருக்காது. எங்கள் தெருவில் கல்லூரிப் பையன் ஒருவன் அரிப்புக்காக ஓராண்டு ஊற்றி, இப்போது கிளாக்கோமா சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். வயது இருபது.

ஏப்ரல் 19

சொட்டு மருந்து ஊற்றுவது பற்றி. அப்பாவுக்கு இரண்டு புட்டி: இரவுக்கு ஒன்று, காலையும் மாலையும் ஒன்று. முதல் மூன்று மாதம் பிரஷர் இறங்கவே இல்லை. மருந்தை மாற்றலாமா என்று டாக்டர் யோசித்தபோது, “என் முன்னால் ஒருமுறை ஊற்றுங்கள் ஐயா” என்றார். அப்பா தலையை அண்ணாந்தார், கை நடுங்கியது, முதல் சொட்டு புருவத்தில், இரண்டாவது கன்னத்தில். துடைத்துக்கொண்டு, “ஊற்றியாயிற்று” என்றார். அவருக்குக் கன்னத்து ஈரம்தான் அடையாளம்.

அன்று முதல் நான் ஊற்றினேன். கீழிமையை லேசாக இழுத்தால் ஒரு பைபோல வரும். அதில் ஒரே சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. ஊற்றும் மருந்து டிமோலால் என்றால், ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், அது மூச்சையும் நாடியையும் பாதிக்கும். எட்டு வாரத்தில் 11.

மே 2

இங்கே கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். இரத்த அழுத்தம் 158/96. நரம்பு நன்றாக இருக்கிறது, புலப் பரிசோதனையிலும் குறை இல்லை, ஆண்டுக்கொருமுறை வந்தால் போதும் என்றார்களாம். மனம் நிறைந்துவிட்டது. அந்த விழித்திரைப் படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட்டால்தான் குழாய் ஒடுங்கியதா, பிறவியிலேயே மெலிந்ததா என்று சொல்ல முடியும். நரம்பு வட்டத்தின் ஓரத்தில் தீக்கொழுந்துபோலச் சிறு இரத்தக் கசிவு எப்போதாவது தெரிந்தால் அதை டாக்டர் தேதியோடு குறித்து வைப்பார். இந்த நோயில் அது அலட்சியப்படுத்தக்கூடாத அடையாளம். சில வாரங்களில் அது மறைந்துவிடும். படம் இருந்தால் மறையாது.

ஜூன் 14

மறந்தே போனேன், இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வாய்ப்பு பல மடங்கு. குழாய் அகலத்தைவிட இதற்குச் சான்று அதிகம். அப்பாவுக்குத் தெரிந்த வாரமே நான் பார்த்துக்கொண்டேன். அண்ணனிடம் நான்கு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். “எனக்குக் கண்ணாடியே இல்லை, எனக்கென்ன?” என்பார்.

போன ஞாயிறு அம்பத்தூரிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினார்.

ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலை நானே அழைத்துப் போனேன். கண் பிரஷர் 14. விரித்துப் பார்த்தார்கள். நரம்பிழைகள் போகப் போக நரம்பு வட்டத்தின் நடுக்குழி பெரிதாகும். வலக்கண்ணில் அந்தக் குழி இடக்கண்ணைவிடப் பெரிது. வியாழக்கிழமை புலப் பரிசோதனை.